கம்பி வேலிக்குள் வந்த குடம்

நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். மலாயாவில், கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலத்தில் நடந்தது இது. அந்தக் குடத்தைத் தொட்டுப் பார்த்தவர்கள் பலர்.

காட்டிலிருந்தவர்களுக்குச் சோறு போகக் கூடாதென்று, தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டபோது கிணறு வெளியே போய்விட்டது. உள்ளே மிச்சம், வேலியடியில் ஓடிய சிற்றாறு மட்டும். மேட்டில் ஈயச் சுரங்கம் தோண்டிய நாளிலேயே அது சேறாகிவிட்டது. பிறகு ரப்பர் ஆலை வந்து ஆசிட் தண்ணீரைத் திறந்துவிட்டது. மீன் செத்தது. அந்தத் தண்ணீரைக் காய்ச்சினால் பானையில் ரப்பர் ஆடை படிந்தது.

தாயம்மாவின் மகள் வேலம்மாவுக்கு மூன்று வயது. வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. கிணற்றுக்குப் போகக் கொஞ்ச நேரம் வேலிக் கதவைத் திறந்துவிடச் சொல்லி, தாயம்மா ஆபீஸ் கணக்கரான கிராணியிடம் நடையாய் நடந்தாள். அவர் தலை நிமிரவில்லை.

"காய்ச்சிக் குடி. போ."

உச்சி வெயில். திரும்பி வந்து ஆற்றில் குடத்தை அமிழ்த்தினாள்.

ளொடக்...

கம்பிக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடம் முங்கும் சத்தம். இடுப்பளவு நீரில் ஒரு பெண் நின்றாள். புதுமுகம்.

"காய்ச்சிக் குடின்னானா?"

தாயம்மா யாரிடமும் சொல்லியிருக்கவில்லை...

"நீ எந்த லயம், அக்கா?"

"பிள்ளைக்கு இதைக் குடு. குடத்தைத் திருப்பித் தரணும்."

கண் இமைப்பதற்குள் பித்தளைக் குடம் தாயம்மாவின் கையில் இருந்தது. பளிங்குத் தண்ணீர். அடியில் ஏதோ அசைந்தது...

கெண்டைக் குஞ்சு. உயிரோடு.

நிமிர்ந்தாள். ஆளில்லை. அலைகூட இல்லை.

அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளை மறுநாளே எழுந்து உட்கார்ந்தது. தாயம்மா குடத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். யாரும் வரவில்லை. கம்பிகளுக்கிடையே தள்ளிப் பார்த்தாள்.

குடத்தின் கழுத்துகூட நுழையவில்லை.

ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சன்னாசி அவ்வழியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். குடத்தின் வாயோரம் வெட்டியிருந்த பெயரை விரலால் தடவினார்.

"நல்லம்மா குடம் இது, தாயம்மா. ஆலை வந்த வருசம், பிள்ளைக்கு நல்ல தண்ணி வேணும்னு ஆபீஸ் வாசல்ல கிடந்தவ. பிள்ளையும் போச்சு, பின்னாலயே அவளும் போயிட்டா. இந்தக் குடத்தை அவகூட வச்சுப் புதைச்சதே நான்தான்."

அன்றைய கிராணி அவளுக்கு என்ன பதில் சொன்னார் என்று தாயம்மா கேட்கவில்லை.

தெரியும்.

குடம் இன்னும் அவள் கையில்தான் இருந்தது...

திருப்பித் தர வேண்டிய குடம்.