அம்சம் கொண்டுவந்த சூரைப்பழம்

2023 நவம்பர் 20. கிளாக்காய், 1 கிலோ 850 கிராம். 37 சதவீதம்.
2023 டிசம்பர் 11. சூரைப்பழம், 2 கிலோ 400 கிராம். 81 சதவீதம்.
2024 ஜனவரி 8. சூரைப்பழம், 3 கிலோ 100 கிராம். 23 சதவீதம்.

மூன்றையும் பறித்து வந்தவர் அம்சம். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமம், வயது ஐம்பத்திரண்டு. வயல் வேலை இல்லாத நாட்களில் வேலியோரப் பழங்களைப் பறித்து, பள்ளிக்கூட வாசலில் டம்ளர் கணக்கில் விற்பார். நான் வேலை பார்க்கும் தஞ்சாவூர்க் கல்லூரியில் ஆய்வு மாணவி வானதி காட்டுப்பழச் சாறுகளைச் சோதிக்கத் தொடங்கியதும் எங்களுக்கும் கொண்டுவந்தார். வரும் பழத்தை எடைபோட்டுப் பதிவது என் வேலை.

மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியையும் பழச்சாற்றையும் பிளாஸ்டிக் தட்டிலுள்ள சிறு குழிகளில் விடுவார்கள். நொதி வேலை செய்தால் கரைசல் மஞ்சளாகும். பழச்சாறு அதைத் தடுத்தால் மஞ்சள் வெளிறும். எவ்வளவு தடுத்தது என்பதுதான் மேலே உள்ள சதவீதம்.

டிசம்பரில் வெளிறிய குழிகளை அம்சம் குனிந்து பார்த்தார். “இனிக்கிற பழம் சக்கரை நோய்க்கு மருந்தா, பாப்பா?”

“அது இன்னும் தெரியாதுக்கா. இந்தக் குழிக்குள்ள தடுக்குது, அவ்வளவுதான். வெளியில சொல்லிடாதீங்க.”

“சொன்னா மறுநாள் புதரு இருக்காது. நான் ஏன் சொல்றேன்?”

ஜனவரியில் 23 வந்ததும் வானதியின் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர் பஞ்சநதம் அம்சத்தை வரச்சொன்னார். “உண்மையச் சொல்லுங்கம்மா. வேற எங்கயோ பறிச்சீங்களா?”

“ஒரே புதருதான் சார். கையில முள்ளு கீறுனதப் பாருங்க. அதுவா பொய் சொல்லும்?”

“அப்ப எப்படி இவ்வளவு வித்தியாசம்? இன்னொரு தடவை இப்படி வந்தா சூரையையே விட்டுடுவோம்.”

சூரையை இரண்டு தடவையும் பறித்த விதத்தைச் சொல்லும்படி அம்சத்திடம் கேட்டேன்.

“மொத தடவ பள்ளிக்கூடத்துல வித்தது போக மிச்சம். புள்ளைங்க வாங்காத, பாதி பழுத்த செங்காய். அதப்போயி படிச்சவங்களுக்குக் கொடுத்தமேன்னு மனசு கேக்கல. அடுத்த தடவ கறுகறுன்னு பழுத்ததா ஒவ்வொண்ணாப் பாத்து எடுத்தாந்தேன்.”

“ஏன்க்கா சொல்லல?” என்றார் வானதி.

“கழிச்சதக் கொடுத்தேன்னு நானே வந்து சொல்லுவேனா?”

படிவத்தில் இடம், தேதி, எடை எல்லாம் உண்டு. காயா, செங்காயா, பழமா என்று கேட்கும் கட்டம் இல்லை. அதைத் தயாரித்தவன் நான்.

ஜனவரி 22 அன்று வானதியும் நானும் கூடவே போய், அதே புதரில் இரண்டையும் தனித்தனியே பறித்தோம். செங்காய் 79, பழம் 25. வெளி ஆய்வகம் ஒன்றும் சோதித்துச் சொல்லட்டும் என்று பேராசிரியர் இரண்டையும் அனுப்பினார்.

“அப்ப இன்னும் நம்பல,” என்றார் அம்சம். “அவங்க சொல்லட்டும். அதுவரைக்கும் நான் பழம் கொண்டார மாட்டேன்.” அப்படியே வராமல் இருந்தார்.

அந்த ஆய்வகத்திலிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. முதலாவது, பெட்டி வந்து சேர்ந்தது என்று. இரண்டாவது, பறித்த நேரம் கேட்டு. மூன்றாவதில் செங்காய் 77, பழம் 22 என்று இருந்தது. தடுக்கும் பொருள் எது என்று இனிதான் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள்.

பேராசிரியரே அம்சத்துக்குப் போன் செய்தார். “நீங்க சொன்னதுதான் சரிம்மா. நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.”

“அது கெடக்கட்டும் சார். பழுத்ததும் அந்தச் சத்து எங்க போவுது?”

“வாங்க, பாப்போம்,” என்றார் பேராசிரியர். மறுவாரமே வருவதாக அம்சம் சொன்னார்.

அந்த மூன்றாவது கடிதம் வந்தது 2024 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை. அதற்குள் அம்சம் வராமல் ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகியிருந்தது.