கோழிக்கு வாங்கிய கீரை

என்னிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு விஷயம் எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேனென்றால், பிறகு தெரியாது என்று சொல்ல வாய் வராது. முப்பத்திரண்டு வருடமாக என்னோடு குடும்பம் நடத்தும் மனிதருக்கு இது நன்றாகத் தெரியும். கோழி வளர்த்த கதையில் அந்தக் குணம்தான் என்னை மாட்டிவிட்டது.

கடைகளில் முட்டை கண்ணிலேயே படாதிருந்த காலத்தில், கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுப் பின்வளவில் மூன்று கோழிகளைக் கொண்டுவந்து விட்டேன். வளவென்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு கட்டில் போட்டால் நடக்க இடமிருக்காது. துறைமுக வேலையிலிருந்து ஓய்வுபெற்று, முன் விறாந்தையில் பேப்பரும் கையுமாக இருக்கும் என் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்தினார்.

"மணக்கும்," என்றார்.

"முட்டைப் பொரியல் தின்னேக்க மணக்காது," என்றேன்.

முட்டை வந்தது. சில மாதம் நன்றாகத்தான் வந்தது. பிறகு ஒரு நாள் கூட்டுக்குள் கையை விட்டால், விரல் நேரே மஞ்சள் கருவுக்குள் போய்விட்டது. ஓடு அவ்வளவு மெல்லிசு. அடுத்த நாள் ஓடே இல்லாமல் வெறும் தோலோடு ஒன்று கிடந்தது, தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி. ஐயோ, அதைத் தொடவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. உடைந்ததைக் கோழிகளே கொத்திக் குடிக்கவும் தொடங்கிவிட்டன.

அந்த ஞாயிறு, என் வீட்டுக்காரரின் தங்கை வத்தளையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். என் மச்சாளின் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. கோழிகளை ஒரு பார்வை பார்த்தாள்.

"மச்சாள், இதுகள் இனி முட்டைக்குச் சரிவராது. பிரட்டல் கறிக்குத்தான் சரி. மூண்டு கிழமையால கூடையோட வாறன்."

என் வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்ல வந்துவிட்டார். "முட்டை சரிவந்தால் நிக்கட்டும். இல்லாட்டிக் கொண்டு போ," என்றார். பெரிய நீதவான்!

மூன்றில் சிவப்புக் கோழி, நான் உடுப்புக் காயப்போடப் போனால் ஹவுஸ்கோட்டின் கரையைக் கொத்தி இழுத்துக்கொண்டு பின்னாலேயே வரும். பிள்ளைகள் இரண்டும் வெளிநாடு போன பிறகு, என் பின்னால் அப்படி யாரும் வந்ததில்லை. அதைச் சட்டிக்குள் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கீரைதான் மருந்து என்று முடிவெடுத்தேன். எலும்புக்குக் கீரை நல்லதென்றால் முட்டை ஓட்டுக்கும் நல்லதுதானே? இதை அக்கம்பக்கத்துக்கும் கேட்கும்படியாகச் சொன்னேன். காலையில் கூடையோடு வரும் கீரைக்காரப் பெண்ணிடம், தினமும் நாலு பிடி பசளிக்கீரை தரச் சொல்லிவைத்தேன். கோழிகள் அடிபட்டுக்கொண்டு தின்றன. ஓடு இன்னும் மெலிந்தது. கீரை காணாது போலிருக்கிறது என்று ஆறு பிடியாக்கினேன்.

"கீரையாலதான் வருகுதோ தெரியாது," என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"உங்களுக்குக் கோழியைப் பற்றி என்ன தெரியும்?" என்று கத்தினேன். பேப்பர் ஒரு பக்கம் புரண்டது. அவ்வளவுதான்.

இப்படியே ஏழு நாள், ஒரு கிழமை முழுதும் போய்விட்டது. மருந்து ஏதாவது கேட்டுப் பார்ப்போம் என்று, புறக்கோட்டையில் நான் கோழித்தீன் வாங்கும் கடைக்குப் போனேன். முதலாளி ஒரு முஸ்லிம் மனிதர். கதையைக் கேட்டுவிட்டு, "போன மாசம் கொண்டுபோன தீன் முடிஞ்சிதா?" என்றார்.

"இன்னும் அரை மூட்டை கிடக்கு."

"அப்ப வேற என்னா குடுக்கிறீங்க?"

"கீரை. ஆறு பிடி," என்றேன், பெருமையாக.

அவர் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "மூணு கோழிக்கு ஆறு பிடியா? அக்கா, நீங்க வளக்கிறது கோழியா, ஆடா?"

மூட்டை தூக்க நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் மட்டும் சிரிக்காமல் விளங்கப்படுத்தினார். "இலையால வயிறு நிறைஞ்சா தீனத் திங்காது. சுண்ணாம்புச் சத்து தீன்லதானே இருக்கு. பசளியில இருக்கிற ஒரு சாமான் அந்தச் சத்தையும் உடம்புல சேர விடாது. ஒரு கைப்பிடி போதும். தொடர்ந்து முட்டை போடுற கோழிக்கு தீன்ல உள்ளது மட்டும் பத்தாது, சிப்பி ஓடு தாறன், வேற சட்டியில போட்டு வைங்க. மாவா இடிச்சிடாதீங்க, துண்டு துண்டா இருக்கணும். ராவைக்குத்தான் வயித்துக்குள்ள ஓடு கட்டுற. துண்டா இருந்தாத்தான் விடிய மட்டும் கரைஞ்சிக்கிட்டு இருக்கும். பின்னேரத்தில வைங்க."

சிப்பி ஓட்டுப் பையோடு பஸ்ஸில் வரும்போது ஒரே யோசனை. கீரையை நிற்பாட்ட வேண்டும். ஆனால் கீரைக்காரி வருவது முன் வாசலுக்கு. முன் வாசலில் இருப்பவர் என் வீட்டுக்காரர். 'இனி வேண்டாம்' என்று நான் ஒரு வார்த்தை சொன்னால், 'ஏன்?' என்று ஒரு வார்த்தை வரும். அதற்குப் பதில் சொல்வதைவிட ஆறு பிடி கீரையையும் தின்று தீர்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

நான் தின்னவில்லை. அவருக்குக் கொடுத்தேன்.

திங்கள் கீரைக் கடையல். செவ்வாய் கீரைச் சுண்டல். புதன் பருப்பும் கீரையும். கீரை என்றாலே முகத்தைத் திருப்பும் மனிதர் அவர். "டொக்டர் உங்களைக் கீரை சாப்பிடச் சொன்னவரெல்லோ," என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். "ஓம் ஓம்," என்று தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். மனிதரை நன்றாக ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

பின்வளவில் சிவப்புக் கோழி முதல் இரண்டு நாளும் கீரை எங்கே என்று என் கையையே பார்த்தது. மூன்றாம் நாள் சிப்பித் துண்டைக் கொத்தி விழுங்கியது. தீன் மூட்டையும் மளமளவென்று இறங்கியது. ஒரு கிழமையில் தோல் முட்டை நின்றுபோனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முட்டையையும் எடுத்து நகத்தால் தட்டிப் பார்ப்பதே எனக்கு வேலை. சத்தம் நாளுக்கு நாள் திறமாகிக்கொண்டு வந்தது.

சொன்னபடியே மூன்றாம் ஞாயிறு மச்சாள் கூடையோடு வந்து இறங்கினாள். நேரே நான் சமைத்துக்கொண்டு நின்ற குசினிக்குள் வந்தாள். நான் ஒரு முட்டையைக் கையில் கொடுத்தேன். அடுப்பிலிருந்த தாச்சியின் விளிம்பில் தட்டினாள். உடையவில்லை. இன்னொரு தட்டு. அதற்கும் அசையவில்லை. மூன்றாவது தட்டில்தான் விரிந்தது.

"பரவாயில்லையே!" என்றாள். கூடை மேசைக்குக் கீழே போனது. சிவப்புக் கோழி வெளியே கொக்கரித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

சாப்பாட்டு மேசையில், நான் வழமைபோல அவருடைய தட்டில் கீரையை வைத்தேன். மச்சாள் வாயில் வைத்த சோற்றை மறந்துவிட்டுப் பார்த்தாள்.

"அண்ணா, நீங்கள் கீரை தின்ன மாட்டியளே! சின்னனில யன்னலால எறியிற ஆளெல்லோ. என்ன நடந்தது உங்களுக்கு?"

அவர் அவசரப்படாமல் இன்னொரு வாய் சாப்பிட்டார்.

"இது கோழிக்கு வாங்கினது. கோழிக்குக் குடுத்தால் ஓடு மெலியுது. வேண்டாமெண்டு சொல்ல இவவுக்கு வாய் வராது. ரெண்டு கிழமைக்கு ஆரோ தின்னத்தானே வேணும்? கோழி நிக்குது, அது போதும்."

"என்ர பிழைதான்," என்றேன். முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. பிறகு அவருடைய தட்டிலிருந்த கீரை முழுவதையும் வழித்து என் தட்டில் போட்டுக்கொண்டு, அவருக்கு அந்த முட்டைப் பொரியலை வைத்தேன்.