ஒரு வட்டம் வெங்காயம்

கடலூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஃபாஸ்ட் ஃபுட் கடை. சிதம்பரம் பஸ் வருவதற்குள் முட்டை ஃப்ரைடு ரைஸை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பலகையில் விலையின் மேல் ஒரு தாளை ஒட்டி, அதன் மேலும் ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். கல்லாவுக்கு மேலே, "வெங்காயம் மறுமுறை கேட்காதீர்". என் தட்டில் முதல்முறையே இல்லை, முட்டைக்கோஸ்தான் இருக்கிறது.

எதிரே ஒருவர் மனைவியோடும் இரண்டு மகள்களோடும் வந்து உட்காருகிறார். குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனி வேலையாம். இந்த விலைக்கு மனுஷன் எப்படி வெளியே சாப்பிடுவது என்று அவரிடம் அலுத்துக்கொள்கிறேன்.

"வெங்காயம் விக்கிற வெலைக்கு வீட்ல மட்டும் ஆக்க முடியுமா சார்? அதான் இங்க வந்துட்டோம்."

"வெங்காயம் கம்மியா போட்டுக் கொழம்பு வெச்சா இவரு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறாரு," என்கிறார் மனைவி. "அதுக்கு ஓட்டலே தேவலாம்."

சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ் வருகிறது. அதன் மேல் ஒரே ஒரு வட்டம் வெங்காயம். கோழியை யாரும் தொடவில்லை. அந்த அம்மாள் வெங்காயத்தை வளையம் வளையமாகப் பிரிக்கிறார். பெரியது கணவருக்கு, அடுத்த இரண்டும் மகள்களுக்கு, அதற்கடுத்தது தனக்கு. நடுவில் காலணா அளவுக்கு ஒன்று மிஞ்சுகிறது. அதை என் தட்டில் வைக்கிறார்.

"சாப்புடுங்க சார். அப்பலேருந்து அதையே பாத்துக்கிட்டு இருக்கீங்க."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன். வெங்காயம் உள்ளே போய்விடுகிறது.