கீரை சூப்

பாம்பன் சாலையோரம் நான்கே மேசை போட்ட கொரியச் சாப்பாட்டுக் கடை. கொரியாவில் கப்பல் கட்டும் வேலை பார்த்துத் திரும்பியவர் நடத்துகிறார். பலகையில் ‘கீரை சூப்’ என்று இருக்கிறது. கிண்ணத்தில் மிதப்பதோ கடல்பாசி.

“இங்கன பாசி விக்கிறதுக்குத்தான் சார், திங்கிறதுக்கு இல்ல. உள்ளத எழுதுனா ஒருத்தரும் வரமாட்டாக” என்று என் காதில் சொல்கிறார்.

பூண்டும் மட்டிச் சிப்பியும் மணக்கின்றன. சோற்றைக் கொட்டிப் பிசைந்து, இரண்டாவது கிண்ணம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். எதிரே ஓர் அம்மா என்னைவிட வேகமாகக் குடிக்கிறார். கடலில் மூழ்கிப் பாசி பறித்து விற்பவர். அவருடைய ஈர மூட்டை வாசலில் சொட்டுகிறது. திடீரென்று கிண்ணத்திலிருந்து ஓர் இழையை விரலால் தூக்கிப் பார்க்கிறார். கடைக்காரர் சமையலறைக்குள் மறைகிறார்.

“ஏந்தம்பி, இது பாசிதான?”

வாய் நிறையச் சோறு. தலையாட்டுகிறேன்.

கிண்ணத்தையே கொஞ்சநேரம் முறைக்கிறார். பிறகு மிச்சத்தையும் குடித்துவிட்டு, வெளியே நிற்கும் கூட்டாளிகளைக் கூப்பிடுகிறார்.

“ஏட்டி, உள்ள வாங்கடி. கீரை சூப்பு நல்லாருக்கு.”

நான் அவரைப் பார்க்கிறேன்.

“நாளைக்கி இவளுகதான் தம்பி, பாசியத் தின்னாளாம்னு சிரிப்பாளுக. நான் ஒருத்தி மட்டுமா மாட்டிக்கிறது?”