கோடாலி வாசித்த ஐந்து சுரம்

ஹவாயின் கலிஹிப் பள்ளத்தாக்கில் ஜென்யூ தெங்கானுக்கு வாய் பேசுவதற்குள் கை பேசிவிடும். ஜப்பானின் தெற்குக் கோடி ஒக்கினாவாத் தீவிலிருந்து பிழைக்க வந்த குடும்பம்; பன்றி வளர்ப்பவன். கோடாலியின் பின்பக்கத்தால் நெற்றியில் ஒரே அடி. பன்றிக்குச் சாகிறோம் என்று தெரிவதற்குள் காரியம் முடிந்திருக்கும். மனிதர்களை அடிக்கும்போது இவ்வளவு கருணை காட்டமாட்டான். ஜப்பானியப் பையன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு "ஒக்கினாவாப் பன்னி" என்று பாடினால், அன்று யாருக்காவது பல் போகும். ஒருமுறை பாடினவனின் தாடையோடு சேர்ந்து ஜென்யூவின் மோதிர விரலும் உடைந்தது. அது கோணலாகவே ஒட்டிக்கொண்டது.

அப்பேர்ப்பட்ட முரடன் ஒரே ஒரு தடவை பயந்தான். பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்த வாரம், வீடு வீடாக அமெரிக்கச் சிப்பாய்கள் நுழைந்து ஜப்பான் சாமான் வைத்திருந்தவர்களை லாரியில் ஏற்றினார்கள். செத்துப்போன அப்பாவின் சன்ஷின் சுவரில் தொங்கியது; பாம்புத்தோல் போர்த்திய மூன்று கம்பி வாத்தியம். தெருமுனையில் லாரிச் சத்தம் கேட்டதும் ஜென்யூ பன்றிக் கோடாலியை எடுத்துவந்து அதைப் பிளந்தான். தடுக்க வந்த தங்கை கமடோவை ஒரே அறையில் தரையில் தள்ளிவிட்டு, துண்டுகளை அடுப்பில் போட்டான். பாம்புத்தோல் சுருண்டு கருகியது. லாரி நிற்காமலே போய்விட்டது.

உதட்டில் ரத்தத்தோடு எழுந்த கமடோ, செத்த அப்பாவை நீ இன்னொரு தடவை கொன்றுவிட்டாய் என்றாள். அதற்குப் பிறகு அவள் வாயில் 'அண்ணா' வரவில்லை. கூப்பிட வேண்டுமென்றால் 'கோடாலி' என்பாள். ஊரே அடிக்கப் பயந்த ஆள், இந்த ஒரு வார்த்தைக்குத் தலையைக் குனிந்துகொண்டு போவான்.

போர் முடிந்தது. கமடோவுக்குக் கல்யாணம் கூடியது; மாப்பிள்ளை இசாமு, தச்சன், ஜப்பானியக் குடும்பம். அவனுக்கு அவள் மேல் உயிர். அவன் சித்தப்பா கென்ஜிரோவுக்கோ பன்றிக்காரர் வீட்டுச் சம்பந்தம் தொண்டையில் சிக்கிய முள். ஒக்கினாவாக்காரர்கள் எந்த விசேஷத்திலும் முதல் பாட்டு வாசிக்காமல் சாக்கே என்னும் அரிசிச் சாராயப் புட்டியைத் திறக்கமாட்டார்கள். அது இல்லாத கல்யாணம் கல்யாணமே இல்லை. பள்ளத்தாக்கில் இருந்த மற்ற சன்ஷின்களும் அதே வாரம் அடுப்புக்குத்தான் போயிருந்தன.

"மொதப் பாட்டு இல்லாம நான் பந்தலுக்கு வரமாட்டேன்," என்றாள் கமடோ. "ஒடச்சது நீ. நீயே கொண்டா, கோடாலி."

கடற்படைச் சமையலறையின் எச்சில் சோற்றைப் பன்றிகளுக்கு எடுத்துவரும் பீப்பாயில் ஒருநாள் உக்குலேலே ஒன்று கிடந்தது; நாலு கம்பிக் குட்டி கிதார். எவனோ மாலுமி குடித்துவிட்டு எறிந்தது. ஜென்யூ அதைக் கழுவிக் கம்பி போட்டு உட்கார்ந்தான். ஹவாய்ப் பாட்டுகள் அதில் சுளுவாக வந்தன. அப்பா வாசித்த அந்த முதல் பாட்டுதான் வரமாட்டேன் என்றது. அது ச, க, ம, ப, நி என்று ஐந்தே சுரம். நம் கோயில் நாயனத்தில் மல்லாரிக்கு வருகிறதே, அதே ஐந்து. ரியைத் தாண்டு, தவைத் தாண்டு. ரியைத் தாண்டிவிடலாம். த இருக்கிறதே, அது உக்குலேலேயில் ஒளிந்திருக்கும் சனியன்: கடைசிக் கம்பியைச் சும்மா மீட்டினாலே அதுதான் ஒலிக்கும். இரண்டாம் மெட்டில் அழுத்திப் பிடித்தால்தான் நி. அழுத்த வேண்டியது அந்தக் கோணல் மோதிர விரல்.

விரல் வழுக்கி த விழும்போதெல்லாம் கமடோ பன்றித் தொட்டியிலிருந்து ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கை எடுத்து அவன் தலையைப் பார்த்து வீசுவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள், குறியும் தப்பாது. நெற்றி புடைக்கும், அவன் மறுபடி மீட்டுவான். விரல் நுனி கிழிந்தது, காய்ந்தது, மறுபடி கிழிந்தது. கம்பியெல்லாம் ரத்தம். சாராயக்கடையில் யாரோ "ஒக்கினாவாப் பன்னி" என்றபோது, இரண்டு கையையும் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே போனான். ஜென்யூவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

கல்யாணத்தன்று பந்தலில் அவன் உக்குலேலேயை மடியில் வைத்ததும் கென்ஜிரோ கையில் புட்டியோடு முன்னால் வந்து நின்றார்.

"கப்பல் பயணிங்களுக்குக் காட்டுற பொம்மை இது. இதுல என்னடா வாசிப்பே? உங்கப்பன் பன்னி கத்தினதையா?"

ஜென்யூ, பாட்டு முடியட்டும் என்றான். அதற்குப் பதிலாகப் புட்டி அவன் நெற்றியில் உடைந்தது. அவன் கைமுட்டி தானாக இறுகியது. ஒரு குத்து விட்டால் கென்ஜிரோ அவ்வளவுதான். விரலும் அவ்வளவுதான், கல்யாணமும் அவ்வளவுதான். எதிரே தங்கை மணக்கோலத்தில் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜென்யூ விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உக்குலேலேயைக் கீழே வைத்தான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்து, ரத்தம் வழியும் நெற்றியாலேயே கென்ஜிரோவின் மூக்கில் ஒரு முட்டு முட்டினான். அவர் பன்றிக்கறித் தட்டுகளின் மேல் மல்லாந்தார். மாப்பிள்ளை இசாமுவே அவர் காலைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போட்டான்.

ஜென்யூ உட்கார்ந்து வாசித்தான். பந்தல் அடங்கியது. ச, க, ம, ப, நி. கருகிப்போன பாட்டு எச்சில் பீப்பாய் வாத்தியத்திலிருந்து எழுந்து வந்தது. கிழவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். கடைசி அடிக்கு வரும்போது நெற்றி ரத்தம் விரலில் வழிந்தது. விரல் வழுக்கியது. கம்பி சும்மா அதிர, ஊருக்கே கேட்கும்படி விழுந்தது த.

எல்லாம் போயிற்று என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான். மணப்பெண்ணின் தட்டிலிருந்து ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கு பறந்து வந்து, உடைந்த நெற்றியிலேயே பட்டது.

"அங்க விரல அழுத்துன்னு எத்தன தடவ சொல்றது, அண்ணா?" என்றாள் கமடோ. "மொதல்லேருந்து வாசி."

ரத்தமும் கண்ணீருமாக அவன் முதலிலிருந்து வாசித்தான்.