பங்காளி வீட்டு டவர்

இளவரசிக்கு எது மறந்தாலும் மறக்கும், பகை மறக்காது. கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது அவளுடைய ஊர். அங்கே யாருக்கு யார் மேல் என்ன மனஸ்தாபம், அது எந்த வருஷத்தில் எதனால் ஆரம்பித்தது என்பதெல்லாம் அவளைக் கேட்டால்தான் சரியாகத் தெரியும். அடுத்தவர் பகையையே இவ்வளவு அக்கறையாக வைத்துக் காப்பாற்றுகிறவள் தன் சொந்தப் பகையை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவள் பகையின் பெயர் அருணா. இளவரசியின் புருஷன் விருத்தாசலம்; அவர் தம்பி குமரேசன்; குமரேசன் பெண்டாட்டிதான் அருணா. ஓரகத்திகள் இருவருக்கும் வீடு பக்கத்துப் பக்கத்தில். நடுவில், மல்லாட்டை என்று அந்தப் பக்கத்தில் சொல்லும் வேர்க்கடலையைக் காயப்போடும் களம் ஒன்று இருந்தது. பாகம் பிரித்தபோது களம் தம்பி பங்கில் போனாலும், அண்ணன் வீட்டாரும் காயப்போட்டுக்கொள்ளலாம் என்று பேச்சு. பேச்சுதானே, எழுத்தா என்ன? ஒரு செல்போன் கம்பெனிக்காரர்கள் டவர் போட இடம் தேடி வந்தார்கள். அண்ணனை ஒரு வார்த்தை கேட்காமல் குமரேசன் களத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். இளவரசியின் மல்லாட்டை காய்ந்துகொண்டிருக்கும்போதே ஆட்கள் கடப்பாரையோடு வந்து நின்றார்கள். அவள் படுதாவை மல்லாட்டையோடு இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்று பார்த்த அருணா சிரித்தாள் என்பது இளவரசி சொல்வது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினேன் என்பது அருணா சொல்வது.

அன்று சாயங்காலமே இளவரசி களத்து மண்ணை ஒரு பிடி அள்ளி, தெருவே பார்க்க அருணா வாசலில் தூற்றினாள். "இந்தக் கம்பத்துல வர்ற சேதி ஒண்ணு, நல்லதோ கெட்டதோ, என் காதுல வுழக்கூடாது. வுழுந்தா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல," என்றாள்.

சொன்னால் சொன்னதுதான். வீட்டில் இருந்த எல்லாப் போனுக்கும் வேறு கம்பெனி சிம் வாங்கிப் போட்டாள். அந்தக் கம்பெனியின் டவர் ஏரிக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கே எட்டாத தூரத்தில் இருந்தது. மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் பக்கம் போய் நின்றால் ஒரு கோடு காட்டும். வாசலில் வானம் முட்ட ஒரு டவர் நிற்க, விருத்தாசலம் உரக்கடைக்காரனோடு பேச ஏணி ஏறினார். அவருக்கு முட்டிவலி. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்த மனிதர்.

இதோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. ஒரு தடவை காளஹஸ்திக்குப் போயிருந்தபோது அவள் போனில் வேறு ஏதோ கம்பெனிப் பெயர் தெரிந்தது. திரும்பி வந்ததும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போன் கடை வைத்திருக்கும் பூவரசனிடம் போய், இது என்ன அநியாயம் என்று கேட்டாள்.

"அது ரோமிங்குக்கா," என்றான் அவன். "நம்ம கம்பெனி டவர் இல்லாத எடத்துல உங்க போன் பக்கத்துல எவன் டவர் கீதோ அங்க போய் நிக்கும். இது யாரு வூட்டு ஆளுன்னு அவன் நம்ம கம்பெனியக் கேப்பான். எங்க ஆளுதான், உள்ள வுடுன்னு இவன் சொன்னா, வுடுவான். அந்தச் செலவ அவங்களுக்குள்ள பாத்துக்குவாங்க. நமக்கு ஒண்ணும் பேஜாரு இல்ல."

"அப்ப எங்க ஊர்ல நம்ம டவர் படுத்துக்கினா, என் போன் அவ வாசல்ல போய் நிக்குமா?"

"உங்க ஊர்ல அதெல்லாம் நடக்காதுக்கா. உள்ளூர்ல அந்தக் கம்பெனி வுடமாட்டான்."

"நடந்தா?"

பூவரசனுக்குச் சிரிப்பு வந்தது. இளவரசிக்கு வரவில்லை. தன் போன் தனக்குத் தெரியாமல் அருணா வாசலில் போய்க் கையேந்தி நிற்பதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு எரிந்தது. தானாகத் தேடுகிற வழியை எடுத்துவிட்டு, தன் கம்பெனியைத் தவிர வேறு எதையும் தொடாதபடி போனைப் பூட்டிக் கொடு என்று உட்கார்ந்துவிட்டாள். அவன் செட்டிங்ஸில் போய் அப்படியே செய்து கொடுத்தான். மறுவாரம் புருஷன் போனையும், அதற்கடுத்து மகள் கலைப்பிரியாவின் போனையும் கொண்டுபோய்ப் பூட்டிக்கொண்டு வந்தாள். கலைப்பிரியா விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் போன் எதற்கு அருணாவின் டவரைத் தேடப் போகிறது என்று யாராவது கேட்டிருந்தால், பங்காளி எங்கே இருந்தாலும் பங்காளிதான் என்று இளவரசி சொல்லியிருப்பாள்.

கலைப்பிரியா முழுகாமல் இருந்தாள். வளைகாப்பு போட்டதும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதுதான் முறை. தலைச்சன் பிரசவம் வேறு. மருமகன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் ஓசூர்ப் பக்கம் இருப்பவன், மரியாதையாகவே மறுத்தான். "உங்க வூட்ல சிக்னல் இல்லீங்க அத்தை. திடீர்னு வலி எடுத்தா, ஏணி ஏறித்தான் ஆம்புலன்ஸுக்குச் சொல்வீங்களா?" என்றான். வளையல் போட்ட கையோடு பெண் விழுப்புரத்துக்கே திரும்பிப் போனாள். ஊர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அருணாவும் பார்த்தாள். இளவரசி அன்றைக்குச் சாப்பிடவில்லை. அந்தக் கோபத்தையும் அருணா கணக்கில்தான் எழுதிக்கொண்டாள்.

கார்த்திகையில் புயல் வந்தது. கடலோரம் போய்விடும் என்று சொன்னார்கள்; அது எங்கேயும் போகாமல் தலைக்கு மேலேயே நின்றுகொண்டு கொட்டியது. விடிந்தபோது கரண்ட் இல்லை. ஏரி வழிந்து ரோட்டை மூடியிருந்தது. புளியமரம் குறுக்கே விழுந்து, கூட்டேரிப்பட்டுக்கு நடந்துகூடப் போக முடியாது. விழுப்புரத்தில் தாழ்வான தெருக்களில் ஆள் உயரத் தண்ணீர் என்று யாரோ சொன்னார்கள். கலைப்பிரியா குடியிருப்பது அப்படி ஒரு தெருவில்தான்.

இளவரசி மழையோடு மாடியேறினாள். டேங்க் பக்கம் நின்றாள், டேங்க் மேலேயே ஏறினாள். அந்த ஒரு கோடும் இல்லை. 'அவசர அழைப்பு மட்டும்' என்று போன் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது. ஏரிக்கு அந்தப் பக்கத்து டவர் செத்துவிட்டது. அருணா வீட்டு டவர் மட்டும் ஜெனரேட்டர் சத்தத்தோடு நன்றாகத்தான் இருந்தது. அந்தச் சத்தம் அவளைக் கேலி செய்வதாகவே அவளுக்குத் தோன்றியது.

காலை நேரம் நகர நகரத் தெருவில் எல்லார் போனும் பேச ஆரம்பித்தது. எந்தக் கம்பெனி சிம்மானாலும் எந்த டவரிலும் இப்போதைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று அரசாங்கம் உத்தரவு போட்டிருப்பதாக வார்டு மெம்பர் குடையோடு சொல்லிக்கொண்டு போனார். விருத்தாசலம் தன் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் வருது, நம்புளுக்கு மட்டும் ஏன் வரல?" என்றார்.

இளவரசிக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை. பூவரசன் கடையில் தான் உட்கார்ந்திருந்த ஸ்டூல் அவள் கண்ணுக்குள் வந்து நின்றது. மூன்று போன்களைப் பூட்டினோமே, மூன்றாவதை எதற்குப் பூட்டினோம் என்று நினைத்தபோதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. ஊரில் எல்லா டவரும் திறந்து கிடக்க, வயிற்றுப்பிள்ளைக்காரி கையில் இருக்கிற போன் எதையும் தொடாமல் கிடக்கும். பூட்டச் சொன்னவள் பெற்றவள்.

அடுத்த வீட்டு அஞ்சம்மாளிடம் ஓடிப் போனை வாங்கி மகளைக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடியும் அதே. மருமகனுக்குப் போட்டாள், அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அஞ்சம்மாள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டே, "காலையில அருணா வூட்ல உன் பொண்ணு பேரு அடிபட்டுதே. அவகிட்ட கேட்டியா?" என்றாள்.

"நான் போய்க் கேட்டுக்கினு வர்றேன்," என்றார் விருத்தாசலம்.

"நீ போவக்கூடாது."

அவளே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் டவர் வேலியைச் சுற்றி நடந்தாள்.

அருணா வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்து, நனைந்த மல்லாட்டையை முறத்தில் பரப்பிக்கொண்டிருந்தாள். போன் மடியில் இருந்தது. உள்ளே வா என்று சொல்லவில்லை. "இன்னா?" என்றாள்.

"கலைப்பிரியா பேசினாளாமே."

"எந்தக் கலைப்பிரியா?"

இளவரசி பல்லைக் கடித்தாள். "என் பொண்ணு."

"உன் பொண்ணு என்கிட்ட எதுக்குப் பேசப்போறா? எங்க கம்பத்துல வர்ற சேதி நல்லதோ கெட்டதோ உன் காதுல வுழக்கூடாதுன்னு மண்ணு வாரிப் போட்டவ தானே நீ? அதான், வந்துச்சு. வுழாம பாத்துக்கினேன்." முறத்தை இரண்டு தட்டு தட்டினாள். "வேணும்னா நீயே கேளு. வாயத் தொறந்து."

இவளை இந்த முறத்தாலேயே அடிக்க வேண்டும் என்று இளவரசிக்கு வந்தது. வேறொரு நாளாக இருந்தால் அடித்தும் இருப்பாள். ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"உசுரோட கீறாளா?"

அருணாவின் கை முறத்திலேயே நின்றது. இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தவிக்கட்டும் என்றுதான் நினைத்திருந்தாள். எந்த அளவுக்குத் தவிப்பாள் என்று யோசிக்கவில்லை. போனை எடுத்து ஒரு நம்பருக்குப் போட்டு நீட்டினாள். இளவரசி முகத்தை அவள் பார்க்கவில்லை.

"சின்னம்மா?" என்றது கலைப்பிரியாவின் குரல்.

"நான்தாண்டி."

"அம்மா!" பெண் அழுதாள், சிரித்தாள். விடியற்காலையில் பனிக்குடம் உடைந்ததாம். போன் எங்கேயும் போகவில்லையாம். மாடி வீட்டு அக்காதான் டிராக்டர் பிடித்து, தண்ணீருக்குள் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தாளாம். ஆண் பிள்ளையாம். இது அந்த அக்காவின் போனாம். "அதுலதாம்மா பேசினேன். உனக்கும் போவல, அப்பாவுக்கும் போவல. நாம எல்லாம் ஒண்ணா இருந்தப்ப ஸ்கூல்ல குடுத்த சின்னம்மா நம்பர்தான் மனப்பாடமா இருந்துச்சு. அம்மாகிட்ட ஒடனே சொல்லிடுங்க, பயந்துக்கினு இருக்கும்னு காலையிலயே சொன்னேனே. நீ ஏன் இவ்ளோ நேரம் பேசல? சின்னம்மா சொல்லலியா?"

இளவரசி அருணாவைப் பார்த்தாள். அருணா மல்லாட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் இருந்து வருவதெல்லாம் அவள் காதுக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஜெனரேட்டர் கடகடவென்று ஓடியது.

"சொன்னா," என்றாள் இளவரசி. "ஒடனே ஓடியாந்து சொன்னா. நான்தான் பூசை ரூம்ல இருந்துட்டேன்."

பச்சை உடம்புக்காரி மனசு நோகக்கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னாள். சொல்லி முடித்துப் போனைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் அருணாவின் முகத்தைக் கவனித்தாள். இத்தனை வருஷம் திட்டித் தீர்த்தும், சாபம் விட்டும், மண்ணை வாரிப் போட்டும் ஒரு நாளும் அந்த முகம் இப்படிக் கறுத்துப் பார்த்ததில்லை. இளவரசி அதைப் பத்திரமாக மனதில் வைத்துக்கொண்டு, வந்த வழியே தண்ணீரில் இறங்கி வீட்டுக்குப் போனாள்.

தண்ணீர் வடிந்து பஸ் ஓட ஆரம்பித்ததும் மகளையும் பேரனையும் பார்த்துவிட்டு, மகள் போனையும் வாங்கிக்கொண்டு, திண்டிவனம் போய்ப் பூவரசன் கடையில் மூன்று போன்களையும் வைத்தாள். பூட்டை எடுக்கச் சொன்னாள். அதோடு, குமரேசன் களத்தில் நிற்கிற அந்தக் கம்பெனிக்கே மூன்றையும் மாற்றச் சொன்னாள். நம்பர் மாறாது, கம்பெனி மட்டும்தான் மாறும் என்று அவன் சொன்னான். மாறினால்தான் பேரன் வீட்டுக்கு வருவான் என்றாள் அவள். "சமாதானம் ஆயிட்டீங்களாக்கா?" என்று பூவரசன் கேட்டதற்கு அவள் பார்த்த பார்வையில், மேற்கொண்டு அவன் எதுவும் கேட்கவில்லை.

பேரன் வந்தான். குழந்தையைப் பார்க்க அருணாவும் வந்தாள். கலைப்பிரியா கூப்பிட்டிருந்தாள், தட்ட முடியவில்லை. அருணா பிள்ளையை மடியில் வாங்கியதும் கலைப்பிரியா, "நீங்க மட்டும் இல்லன்னா அன்னிக்கு எங்கம்மா பயந்தே செத்திருக்கும் சின்னம்மா," என்றாள்.

"ஆமாமா," என்றாள் இளவரசி, காப்பி டம்ளரை அருணா பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டே. "முழங்கால் தண்ணியில வுழுந்தடிச்சு ஓடியாந்தா. வேற எவ வருவா?"

அருணா காப்பியைக் குடிக்கவில்லை. பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்து போனாள்.

இப்போது கலைப்பிரியா விழுப்புரத்துக்குத் திரும்பிப் போய்விட்டாள். தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறாள். இளவரசிக்கு இனி மாடியேறும் வேலை இல்லை. வீட்டுக்குள் எந்த மூலையில் நின்றாலும் கோடு முழுசாக இருக்கிறது. ஆனாலும் போன் அடித்ததும் எழுந்து போய் டவர் வேலி ஓரமாக, அருணா வீட்டு ஜன்னலுக்கு நேராக நின்றுகொண்டுதான் பேசுகிறாள். பேரன் குப்புற விழுந்தானா, தடுப்பூசி போட்டாயிற்றா என்று எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கடைசியில் குரலை உயர்த்துவாள்.

"சின்னம்மாவா? நல்லாத்தான் கீறா. அன்னிக்கு ஒடனே ஓடியாந்து சொன்ன மகராசி ஆச்சே, அவளுக்கு இன்னா கொறை?"

எதிரே ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்கும். அது கேட்ட பிறகுதான் இளவரசி போனை வைப்பாள்.