மூத்தவள் கூப்பிடுகிறாள்

சென்னையில் உளவியல் படித்துவிட்டு எழுபதுகளின் கடைசியில் காரைக்காலுக்கு வேலைக்கு வந்தேன். ஆஸ்பத்திரியில் ஊசி போடும் அறைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் அலறும். இந்தப் பக்கம் நான் வேறு குழந்தைகளிடம் படத்தைக் காட்டி, இதில் என்ன குறைகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

கவனம் நிற்கவில்லை என்று வந்தவர்கள் எல்லாரும் பையன்கள். ஓட்டுக் கூரைமேல் ஏறுகிறவன், வாத்தியார் திரும்பினால் ஜன்னல் வழியாகக் குதிக்கிறவன். நான் படித்த பாடமும் இவர்களைப் பற்றித்தான். பெண்பிள்ளைகளை யாரும் அழைத்து வரவில்லை. அவர்களுக்கு இது வருவதில்லையா, வந்தாலும் யாருக்கும் தெரிவதில்லையா என்று பார்க்க நானே பள்ளிக்கூடங்களுக்குப் போக ஆரம்பித்தேன்.

அப்படித்தான் கருக்களாச்சேரிக்குப் போனேன். கடலுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம். வகுப்பில் பேசினால் அலைச் சத்தத்துக்கு மேல் பேசவேண்டும். கடைசி பெஞ்சில் ஒரு பெண், பதினோரு வயது இருக்கும், டீச்சர் பாடம் எடுக்க எடுக்க மெதுவாகத் தலையைக் கடல் பக்கம் திருப்பினாள். திருப்பிய தலை அப்படியே நின்றது. யாரோ அவளிடம் ஏதோ சொல்ல, அவள் கேட்டுக்கொண்டிருப்பது போல முகம். எனக்கும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. பார்த்தேன். வெயிலும் மணலும் காய்ந்துகொண்டிருந்த வலையும்தான் இருந்தன.

"அவளா? தொல்லையே இல்லாத புள்ளங்க," என்றார் டீச்சர். "படிப்புதான் வராது. எது சொன்னாலும் மறந்துடும். ஆனா சத்தம் கித்தம் ஒண்ணும் கெடையாது."

தாயை வரச்சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் மீன் விற்றுவிட்டு, கூடையோடு அந்த அம்மாள் மகளை அழைத்து வந்தாள். மகளின் கையில் மந்திரித்த கயிறு, கழுத்தில் தாயத்து. சாயங்காலத் தொழுகை முடிந்து வருகிறவர்களிடம் ஓதி ஊதிக்கொள்ளப் பள்ளிவாசலுக்கும் அழைத்துப் போயிருக்கிறாள்.

தாயை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, எழுத்துகள் நிறைந்த ஒரு தாளை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். 'ம' வருகிற இடத்திலெல்லாம் பென்சிலால் அடிக்க வேண்டும். முதல் வரிகளைச் சரியாக அடித்தாள். பிறகு பென்சில் நின்றது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். கையைத் தொட்டபிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"எங்க போயிட்ட?"

"அக்கா கூப்புட்டா."

கடைக்குப் போகச் சொன்னார்கள் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"என்னன்னு கூப்புட்டா?"

"வான்னு."

"போனியா?"

"போவல. அம்மா அடிக்கும்."

தாயை உள்ளே அழைத்துக் கேட்டேன். அவள் மகளை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பேசினாள். மூத்தவள் ஒருத்தி இருந்தாளாம். ஆறு வயதில் கடல் கொண்டுபோய்விட்டது. "கட்டுமரம் வந்து சேந்த நேரம். மீனப் பிரிச்சிக்கிட்டு நிக்கிறேன். அவ என் முந்தானைய புடிச்சிக்கிட்டு நின்னா. யாரோ வெல கேட்டாங்க, இன்னொருத்தி என்னமோ சொன்னா, நான் அங்கயும் இங்கயும் பாத்தேன். திரும்பினா முந்தானதான் கெடக்கு." மறுநாள் வடக்கே கரை ஒதுங்கினாளாம். அடுத்த வருஷம் இவள் பிறந்தாள். நடக்கப் பழகிய நாளிலிருந்தே இப்படித்தான் நின்று நின்று பார்க்கிறாள். தண்ணீர் எடுக்கப் போனால் குடத்தைப் போட்டுவிட்டு வருகிறாள். கருவாட்டுக்குக் காவல் வைத்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே நாய் தின்றுவிடுகிறது. "மூத்தவ கூப்புடுறா டாக்டரம்மா. தொணைக்கு ஆளு இல்லாம கூப்புடுறா. ஊரே சொல்லுது."

நான் டாக்டர் இல்லை என்று பலமுறை சொல்லியும் அவள் அப்படித்தான் கூப்பிட்டாள்.

வலிப்பில் ஒரு வகை இப்படித்தான் இருக்கும். அதனால் முதலில் பெரிய டாக்டரிடம் காட்டினேன். அது இல்லை என்றார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன், வீட்டில் பார்த்தேன், கரையில் பார்த்தேன். ஓடாமல், கத்தாமல், இருந்த இடத்திலேயே கவனம் மட்டும் நழுவிப் போகிற பிள்ளை. பையன்களிடம் நான் பார்த்த அதே கோளாறு, சத்தம் இல்லாமல். பிறந்ததிலிருந்து எல்லாரும் அதற்கு அக்கா என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவளும் அக்கா என்றே சொன்னாள்.

டீச்சரிடம் பேசி முன் பெஞ்சுக்கு, சுவரோரமாக மாற்றினோம். வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னேன். கையில் நூலைக் கொடுத்து முடிச்சுப் போடவிட்டால் அவளுக்குக் காது கேட்டது. கை சும்மா இருந்தால் கேட்கவில்லை. "வகுப்புல ஒக்காந்து வல பின்னுறதாங்க?" என்று டீச்சர் சங்கடப்பட்டார். ஆனாலும் விட்டார். அந்தப் பருவத்தில் அவள் முதன்முதலாகக் கணக்கில் தேறினாள்.

இதற்கிடையில் நான் தாயைக் கவனித்துக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டே இருப்பாள், பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். கூடையை மறந்துவிட்டுப் போவாள். எடுக்கத் திரும்பி வந்து குடையை வைத்துவிட்டுப் போவாள். சில சமயம் என் எதிரிலேயே அவள் முகம் மகளின் முகம் ஆகிவிடும். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்பது எங்கள் தொழிலில் முதல் நாளே கேட்கவேண்டிய கேள்வி. அதை நான் கேட்கவில்லை. கேட்டால் அது எந்தக் கரையில் போய் நிற்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

கடைசியில் அவளே கேட்டாள்.

"டாக்டரம்மா, இது பேய் இல்லங்கிறீங்க."

"இல்லம்மா."

"பொறவியிலயே வர்றதுங்கிறீங்க."

"ஆமா. நெறய பேருக்கு அப்படித்தான்."

"யாருகிட்டேருந்து வரும்?"

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. நான் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். "நானும் சின்னதுல இப்படித்தான். எங்க ஆத்தா தலையில குட்டிக்கிட்டே இருக்கும். அப்ப எனக்கும் இதானா?"

"இருக்கலாம்மா."

"அன்னைக்குக் கரையிலயும் இதானா?"

"அது எனக்குத் தெரியலம்மா. அன்னைக்கு நான் அங்க இல்ல. நல்லா பாத்துக்கிட்டு இருந்தவங்க கையிலேருந்தும் அலை புள்ளைய இழுத்திருக்கு."

"நான் பாத்துக்கிட்டு இருக்கல," என்றாள். அழவில்லை. பிறகு சொன்னாள்: "பேயின்னா அவ எங்கயோ இருக்கான்னு இருந்துச்சு. தங்கச்சிய கூப்புடவாவது வர்றான்னு இருந்துச்சு. இப்ப அவ இல்லன்னு ஆயிடுச்சு."

கூடையை எடுத்துக்கொண்டு போனாள். அன்று எதையும் மறந்து வைத்துவிட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன். அங்கிருந்து கடல் தெரியாது, காற்று திரும்பினால் சத்தம் மட்டும் வரும். அந்த மழைக்காலம் முழுவதும், சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும், நடுவில் கை நின்றுவிடும். எதையோ கேட்டுக்கொண்டிருப்பேன். எதை என்று எனக்கே தெரியாது. என் பாடத்தில் நான் சரியாகத்தான் இருந்தேன். சரியாக இருந்து ஒரு தாயிடமிருந்து அவள் பிள்ளையை இரண்டாம் முறை எடுத்துக்கொண்டேனோ என்ற எண்ணம் போகவில்லை.

மழை விட்டபிறகு ஒருநாள் அந்தப் பெண்ணின் அப்பா அவளை அழைத்து வந்தார். கடலுக்குப் போகிறவர், ஆஸ்பத்திரிக்குள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரிடம் அதற்கு முன் நான் பேசியதே இல்லை.

"அவதான் அனுப்புனா. புள்ளைக்கு செய்ய வேண்டியத செய்யுங்கன்னு சொல்லச் சொன்னா."

"அவங்க வரலீங்களா?"

"வரலயாம்." மகளின் தலையைத் தடவினார். "தாயத்த இவ அம்மாவே அறுத்துப் போட்டுட்டா. அறுத்துட்டு அப்பறம் அழுதா."

அந்தக் கழுத்தைப் பார்த்தேன். தாயத்து கிடந்த இடம் வெளுத்துத் தெரிந்தது.

அந்தப் பெண் பத்தாவது வரை வந்தாள். முதல்முறை தேறவில்லை, இரண்டாம்முறை தேறினாள். அவளால்தான் நான் மற்றவர்களைத் தேட ஆரம்பித்தேன். எண்பதுகள் முழுவதும் அந்த வேலைதான். சுரக்குடியில் ஒரு மருமகள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்து கூரை எரிந்துபோய், வேண்டுமென்றே செய்தாள் என்று தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்டவள். கோட்டுச்சேரியில் நன்றாகப் பாடம் நடத்தும் ஒரு டீச்சர், எங்கேயும் நேரத்துக்குப் போக முடியாமல் நாற்பது வயதில் தன்னைச் சோம்பேறி என்று நம்பிக்கொண்டிருந்தவர். இது இன்ன கோளாறு என்று பெயர் சொன்னபோது அவர்கள் பெரும்பாலும் அழுதார்கள், நிம்மதியில். நான் மட்டும் அந்த நிம்மதியை முழுதாக நம்பாமல், இந்தப் பெயர் இவர்கள் வீட்டில் எதைக் கொண்டுபோகப் போகிறதோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் எதையும் சொல்லாமல், "இதுக்கு நீங்க என்ன காரணம் வச்சிருக்கீங்க?" என்று கேட்கும் பழக்கம் எனக்கு அப்படி வந்ததுதான்.

அந்தப் பெண் பெரியவளாகிக் கரையில் மீன் ஏலம் விட ஆரம்பித்தாள். ஒரே நேரத்தில் நாலு பக்கமும் குரல் வரும் அந்த இடத்தில் அவள் திணறவில்லை. கல்யாணம் நிச்சயமானதைச் சொல்ல ஒருநாள் என்னிடம் வந்தாள். வெற்றிலை பாக்கை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"டாக்டரம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சிக்க மாட்டீங்களே."

"சொல்லு."

"அக்கா கூப்புட்டது நெசமாவே கேட்டுச்சு. சொல்லிக் குடுத்ததெல்லாம் இல்ல. நீங்க இல்லன்னு சொன்னதுக்கப்பறம் கொறஞ்சி கொறஞ்சி நின்னுடுச்சு." புடவை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். "நல்லதுதான். ஆனா சில நேரம் அந்தப் பக்கம் பாத்துட்டு நிக்கிறேன். கூப்புட மாட்டாளான்னு."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் தலையில் கை வைத்து அனுப்பினேன்.

தாயை அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை பார்த்தேன். மகள் கல்யாணம் முடிந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். மத்தியான பஸ்ஸில் முன் பக்கம் உட்கார்ந்திருந்தாள், காலடியில் காலிக் கூடை. அவள் இறங்கவேண்டிய இடத்தில் பஸ் நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை. பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும்தான் கண்டக்டர் பார்த்தார். "ஏம்மா, தெனம் இதே வேலையா போச்சு ஒனக்கு," என்று விசில் அடித்தார். அவள் பதறி இறங்க, நானும் இறங்கினேன். கூடையை நான் எடுத்துக்கொண்டேன்.

என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. "வாங்க," என்றாள், நேற்றுப் பார்த்ததுபோல. இருபுறமும் சவுக்குத் தோப்பு. சாலையில் திரும்பி நடந்தோம். மகளைப் பற்றிப் பேசுவாள் என்று நினைத்தேன். பேசவில்லை. பாதி வழியில், எதிரே பார்த்தபடியே ஆரம்பித்தாள்.

"மூத்தவளுக்கு எறும்புன்னா பயம் டாக்டரம்மா. ஒருநா காதுல பூந்துடுச்சுன்னு அன்னைக்குப் பூரா அழுதா. உள்ள ஒண்ணுமே இல்ல. எண்ணெய் ஊத்துனேன், ஊதுனேன், ஒண்ணுத்துக்கும் அடங்கல. கடைசில அவ அப்பாதான், எறும்பு தூங்கிடிச்சு, சத்தம் போட்டா எந்திரிச்சிக்கும்ன்னாரு. ஒடனே வாய மூடிக்கிட்டா. ரெண்டு நாளைக்கு வீட்டுல எல்லாரையும் மெதுவா பேசச் சொன்னா."

சிரித்தாள். அந்தப் பிள்ளையைப் பற்றி நான் கேட்ட முதல் விஷயம் அதுதான். அதுவரை எனக்கு மூத்தவள் ஒரு முந்தானையும் ஒரு குரலுமாகத்தான் இருந்தாள்.

"அப்பறம்?" என்று கேட்டேன்.

"அப்பறம் ஒண்ணுமில்ல," என்றாள். பிறகு, தோப்பு முடிகிற இடம் வரைக்கும் மூத்தவளைப் பற்றியே வேறு ஒன்றைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.